வம்சக் கை

தோல் மருத்துவம் படித்துவிட்டு ஊர்ப்பக்கம் பெயர்ப்பலகை மாட்டப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பாதி மறந்தும் போய்விட்டது. மறக்காமல் இருப்பவை கைகள். பெயரும் முகமும் நழுவிப்போன எத்தனையோ பேருடைய உள்ளங்கைகள் இப்போதும் என் மத்தியானத் தூக்கத்தில் ஒவ்வொன்றாக வந்து விரிகின்றன. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை, மிளகாய்ப் பழம் பறித்து எரிகிற கை, பருத்தி எடுத்துக் கீறிய கை. எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே கிடப்பேன். காபி ஆறிப்போகும்.

அப்படி அடிக்கடி வருகிற ஒரு கையைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. கரப்பான் என்று நம் பக்கம் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்வது குழந்தைக் கரப்பான். பால் குடிக்கிற வயதில் கன்னத்தில் சிவந்து, பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இடம் பிடித்து, அரித்து அரித்து வீட்டையே தூங்கவிடாமல், வருஷக்கணக்கில் வந்து வந்து போகிற நோய். சில குடும்பங்களுக்கு அது வாடிக்கை. அந்தக் குடும்பத்தாரின் உள்ளங்கையைப் பாருங்கள். நமக்கு நாலைந்து ரேகை ஓடுகிற இடத்தில் அவர்களுக்கு நூறு ஓடும். மழை காணாத கரிசல் வெடித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தொட்டால் மீன் செதிலாகச் சொரசொரக்கும்.

அந்தக் கையும் காலும் அப்பன் வழியாகவோ ஆத்தாள் வழியாகவோ பிள்ளைக்கு வரும். வந்தால், கரப்பானுக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தோலின் மேற்பூச்சில் ஒரு சரக்குக் குறைவு, அதனால் ஈரம் வெளியே போகிறது, வேண்டாதது உள்ளே வருகிறது என்ற காரணமெல்லாம் பிற்பாடுதான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கை வந்தவர்களுக்கெல்லாம் கரப்பான் வருவதில்லை. கரப்பான் வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கை இருப்பதும் இல்லை. ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும், இன்னொன்றுக்கு வராது. பூவா தலையா கதைதான். இதை நீங்கள் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிவிடுவீர்கள். ஒரு குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்து சொல்வது வேறு சங்கதி.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. உண்மையும் மருந்துதானம்மா, என்ன மருந்து என்று தெரிந்தால் மட்டும் போதாது, யாருக்கு, எந்த நேரத்தில், யார் பார்க்கக் கொடுக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும் என்பார். பெரிய மனிதர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று அன்றைக்கு நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் என் கிளினிக் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடையில் பாகு காய்ச்சிக் கடலைமிட்டாய் போடுகிற நாளில் நோயாளிகளுக்கும் எனக்கும் சேர்த்து வாயூறும். சித்திரை மாதம் உச்சிப்பொழுதானால் தெருவே ஆடும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எட்டயபுரம் சாலையில் வருகிற பஸ்கள் தரையைத் தொடாமல் கானலில் மிதந்து வரும். கூட்டம் வடிந்த அந்த நேரத்தில், நான் பாதித் தூக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அவர்கள் படியேறி வந்தார்கள். முதலில் கனவில் வருகிறார்கள் என்றே நினைத்தேன். செம்மறி ஆட்டு வாடை மூக்கில் ஏறியதும் விழித்துக்கொண்டேன்.

விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாக ஆடு மேய்க்கிற குடும்பம். கொஞ்சம் மானாவாரி வெள்ளாமையும் உண்டு. முன்னால் வந்தது வேலம்மாள், ஐம்பதை நெருங்குகிற பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பின்னால் அவள் தம்பி மாடசாமி. அவன் மனைவி சண்முகத்தாய் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையனோடு வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை.

“டாக்டரம்மா, இந்தப் பயலுக்கு வந்திருக்குறது கரப்பான்தானா, இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள் வேலம்மாள்.

எனக்கு அப்போதே தூக்கம் கலைந்துவிட்டது. கரப்பானைச் சரிபண்ணுங்கள் என்று வருவார்கள். கரப்பான்தானா என்று கேட்டுத் தீர்ப்புக்கு வருகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

பையனை மேசைமேல் உட்காரவைத்தேன். கொழுகொழுவென்று, சிரித்த முகம். இரண்டு முன்னங்கையிலும் ஒரு முழங்காலிலும் சிவந்து பொத்துப்போய் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெண்ணெய். காலைத் தடவினேன், வழுவழுப்பு. உள்ளங்கையை விரித்தேன். நாலே ரேகை, தெளிவாக. பொத்திருந்த இடத்தை மறுபடி பார்த்தேன். ஓரம் கோடு போட்டது போல நின்றது. ஒரு இடத்தில் மணிக்கட்டை நோக்கிச் சொட்டு வழிந்த தடம். கரப்பான் சொட்டாது, பிள்ளைகளே. அது வழிந்து ஓடுகிற சாமான் இல்லை. யாரோ தோலைப் பொத்தவைக்கிற எருக்கம்பாலைத் தடவியிருக்கிறார்கள்.

நிமிர்ந்து தாயைப் பார்த்தேன். தாய்மார்கள் அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பார்கள். இவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது வாயை மூடிக்கொண்டு ஊர்க்கதை கேட்பது என் வழக்கம். “எத்தனை நாளா இருக்கு? வீட்டுல வேற யாருக்கும் உண்டா?” என்று இழுத்தேன். வேலம்மாளுக்கு அது போதுமாயிருந்தது.

“எங்க வம்சத்துக்குன்னு ஒரு கை உண்டு, டாக்டரம்மா. எங்க தாத்தாவுக்கு, எங்கய்யாவுக்கு, சித்தப்பனுக்கு, இந்தா இவனுக்கு. எல்லாருக்கும் கோடு கோடா இருக்கும். பிடிச்ச ஆடு நழுவாது. சின்னதுல எல்லாருக்கும் கரப்பான் வரும், வளர வளரப் போயிரும். பயலுக்குக் குலசாமி முன்னால மொட்டை போடுத அன்னைக்கு, வீட்டுப் பெரியவிய அவன் கையை விரிச்சுப் பாத்துட்டு, ஒரு பெட்டைக்குட்டி காதை அந்தக் கையில பிடிச்சுக் குடுப்பாவ. அந்தக் குட்டியும் அது ஈனுததும் அவனுக்கு. அப்புறந்தான் அவன் எங்க வீட்டுப் பிள்ளை.”

“சரி.”

“இவன் கையைப் பாத்தீங்கள்ல? பீங்கான் தட்டு மாதிரி இருக்கு. ஒரு கரப்பான் கிடையாது, சொறி கிடையாது. கல்யாண வீட்டுல வச்சு ஒருத்தி கேட்டுட்டா, ‘இது யாரு கை?’ன்னு. தம்பி வயல்ல உரத்துக்குக் கிடை போடத் திருநெல்வேலிப் பக்கம் ஆட்டைப் பத்திட்டுப் போனா மாசக்கணக்குல வரமாட்டான். ஊர் வாயை மூட முடியுமா? வாற வெள்ளிக்கிழமை கோயில் கொடை. அன்னைக்குத்தான் மொட்டை. கையும் இல்லை, கரப்பானும் இல்லைன்னா சாமி முன்னால எப்படி உக்கார வைக்க? ஆத்தாளையும் பிள்ளையையும் அவ பிறந்த ஊருக்கு அனுப்பிருவோம்னு பேசிக்கிட்டிருக்கையில, இவ வந்து, பிள்ளைக்குக் கரப்பான் வந்துட்டுதுங்கா.”

மாடசாமி தரையைப் பார்த்து நின்றான். சண்முகத்தாய் அப்போதும் என் வாயைத்தான் பார்த்தாள்.

விளங்கிவிட்டது. நோயே இல்லாத பிள்ளைக்கு, பெற்றவள் நோயை உண்டாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். அவனை அவன் அப்பனுக்குப் பிள்ளையாக்க. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தப் பால் கண்ணில் பட்டிருந்தால் என்னாவது? இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களை என்ன செய்வது?

இப்போது என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கரப்பான் இல்லை என்று சொன்னால் அது உண்மை; ஆனால் அவள் அந்தப் படியிறங்கும்போதே புருஷன் வீடு போய்விடும். எருக்கம்பால் என்று தெரிந்தால் அதற்கும் சேர்த்து அடி விழும். கரப்பான்தான் என்று ஒரு வார்த்தை பொய் சொன்னால் வெள்ளிக்கிழமை மொட்டை நடந்துவிடும். பிறகு? ஆறின புண்ணைக் காட்ட முடியாதே. மாதத்துக்கு ஒரு தடவை அவள் எருக்கைத் தேடிப் போவாள். பிள்ளை அதிலேயே வளர்வான்.

நான் கெட்டிக்காரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. ஆட்டுக்காரர்களுக்கு ஆட்டைக் காட்டியே விளக்குவோம் என்று மாடசாமியைப் பார்த்துப் பேசினேன். “ஏம்ப்பா, உங்க கிடையில புள்ளிக் கிடா ஒண்ணு இருந்தா, அதுக்கு விழுத குட்டியெல்லாம் புள்ளியாவா விழுது? ஒண்ணு ரெண்டு புள்ளியில்லாமலும் விழும்லா?”

முதல்முறையாக அவன் வாயைத் திறந்தான். “விழும், டாக்டரம்மா. அப்படி விழுந்தா, அடுத்த கிடைக் கிடா எப்பவோ உள்ள புகுந்துட்டுதுன்னுதான் நாங்க சொல்லுவோம்.”

சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியானேன். அவர்கள் தொழிலில் இருந்து உதாரணம் எடுப்பதென்றால், அந்தத் தொழிலில் அவர்கள் அதற்கு என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொள்ள அந்த ஒரு பதில் போதும்.

புண்ணைக் கழுவி மருந்து போட வேண்டும் என்று தாயையும் பிள்ளையையும் திரைக்கு அந்தப்புறம் கூட்டிப்போனேன். கூடவே அந்தப் பெண்பிள்ளையும் வந்தது. குழாய்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னேன். “எருக்கம்பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும், தாயி.”

அவள் மறுக்கவில்லை. “வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?” என்றாள். “இவனுக்குக் கொஞ்சமாவது இருக்குன்னு சொல்லிருங்க டாக்டரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். சத்தியமா அவிய பிள்ளைதான்.”

“சத்தியம் எனக்கு வேண்டாம். எனக்கே தெரியும்” என்றேன். எனக்குத் தெரியும் என்பது அவ்வளவு சரியில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கை வராததால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்பதுதான். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது.

சரக் சரக்கென்று ஒரு சத்தம். பெண்பிள்ளை சுவரில் சாய்ந்து முழங்கால் மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தது. பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். தடித்துக் கறுத்து, நீர் கசிந்து, வருஷக்கணக்கான அசல் கரப்பான். கையை விரிக்கச் சொன்னேன். நூறு ரேகை. “இவளை ஏன் காட்டலை?” என்று கேட்டேன்.

“இது பொட்டப்பிள்ளைதான. அதுக்குக் கையை யாரு பாக்கா?” என்றாள் தாய், ஏதோ நான் தெரியாமல் கேட்டதைப் போல.

அந்தச் சின்னக் கையை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டே போனது. முதலில் இவளுக்குத்தான் மருந்து எழுதினேன்.

வெளியே வந்ததும் வேலம்மாள் கையை என் முன்னால் நீட்டினாள். நம் ஊரில் ஒரு ஃபீஸுக்கு ஒரு குடும்பமே வைத்தியம் பார்த்துக்கொள்ளும், உங்களுக்கும் பழகிவிடும். “வந்ததே வந்தோம், எனக்கும் இந்தக் கைவெடிப்புக்கு ஒரு களிம்பு எழுதிருங்க. எங்க வம்சக் கைல்லா, கோடை வந்தா ரத்தம் வருது.”

கையை வாங்கினேன். நிறைய வெடிப்பு, நிறையக் காய்ப்பு. ஆனால் வெடிப்பெல்லாம் களைக்கொத்து அழுத்துகிற இடத்தில், மிளகாய் பறிக்கிற விரல்நுனியில். உழைப்பு போட்ட கோடுகள் அவை. நடு உள்ளங்கை, வேலை படாத பள்ளம், வேறு மாதிரி இருந்தது. அங்கே நாலே ரேகை. “சின்னப்பிள்ளையில உங்களுக்குக் கரப்பான் வந்துதாக்கா?” என்றேன். “எனக்கா? எனக்கு ஒண்ணும் வந்ததில்லை, சாமி புண்ணியத்துல” என்றாள் பெருமையாக. குனிந்து, சேலைக்குக் கீழே தெரிந்த காலைத் தொட்டேன். வழுவழுப்பு.

அந்த இடத்திலேயே, தம்பி முன்னால், சண்முகத்தாய் முன்னால், “உங்க கையும் பீங்கான்தான்” என்று போட்டு உடைத்திருக்கலாம். வழக்கு ஜெயித்திருக்கும். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொன்னால் கேள்வி எங்கே போய் நிற்கும்? அவளைப் பெற்ற தாயின்மேல். அதையும் தம்பி முன்னால். பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் சண்முகத்தாயைக் கடித்துக் குதறிவிடுவாள். மானம் போனவளிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது. யார் பார்க்கக் கொடுக்கிறோம் என்று என் குரு சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மற்றவர்களைக் கீழே மருந்துக்கடைக்கு அனுப்பினேன். ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அவள் இரண்டு கையையும் அதில் வைக்கச் சொன்னேன். ஊற வேண்டும் என்றேன். மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றியது. தண்ணீருக்குள் அந்தக் கைகள் மெல்லப் பெருத்து, மண் நிறம் விட்டு, வெளுத்துக்கொண்டு வந்தன. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கைகள் அப்போதுதான் சும்மா இருந்தனபோல, அவளுக்குக் கண் சொக்கியது.

துடைத்து, நடு உள்ளங்கையை அவளுக்கே காட்டினேன். “இதுல எத்தனை ரேகை இருக்குன்னு நீங்களே பாருங்கக்கா.”

பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் மாறியது. “அப்போ நான் எங்கய்யாவுக்குப் பிறக்கலைங்கீங்களா?” குரல் கீழே கடைவரை கேட்டிருக்கும். “எங்கம்மாவைப் பத்திப் பேசாதீங்க டாக்டரம்மா. அவ அப்படிப்பட்டவ இல்லை.”

“நான் பேசலைக்கா. உங்க வீட்டுக் கணக்குதான் அப்படிப் பேசுது. உங்கம்மா அப்படிப்பட்டவ இல்லை. இந்தக் கை சில பிள்ளைக்கு வரும், சில பிள்ளைக்கு வராது, அவ்வளவுதான். உங்களுக்கு வரலை. பயலுக்கும் வரலை.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் காத்திருந்தேன். இந்தத் தொழிலில் காத்திருப்பதைப் போலக் கஷ்டமானது ஒன்றும் இல்லை. அதுவும் என்னைப் போல வாய் நீண்டவளுக்கு.

“அப்போ பயலுக்கு இருக்கது?” என்றாள் கடைசியில்.

“கரப்பான் இல்லை. ஏதோ செடியோட பால் பட்டிருக்கு. ஆறிரும்.”

“செடியா? இடுப்பை விட்டு இறங்காத பயலுக்குச் செடி எங்கன...” பாதியில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “அடிப் பாவி மவளே” என்றாள் மெதுவாக. அது திட்டா இரக்கமா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

படியில் காலடி கேட்டது. கீழே போனவர்கள் உள்ளே வந்தார்கள். மாடசாமி என்னைப் பார்த்து, “என்ன டாக்டரம்மா, கரப்பான்தானா?” என்றான். நான் வேலம்மாளைப் பார்த்தேன். என்னால் ஆனதை அந்தப் பேசின் பக்கத்தில் வைத்தே செய்து முடித்துவிட்டேன்.

வேலம்மாள் எழுந்து போய், சண்முகத்தாய் இடுப்பிலிருந்து பையனைப் பிடுங்கினாள். அவள் பதறிப்போய்க் கையை விட்டாள். வேலம்மாள் பையனின் கையை விரித்து, அதன் பக்கத்தில் தன் கையை விரித்தாள்.

“ஏலே மாடசாமி, இங்கன வா. ரெண்டையும் பாரு.”

அவன் குனிந்து பார்த்தான். மாறி மாறிப் பார்த்தான்.

“நம்மய்யா கை எனக்கு வரலைலே. பொட்டப்பிள்ளைன்னு யாரும் விரிச்சுப் பாக்கலை. நானும் பாக்கலை.”

“உன் கையை இப்ப யாரு கேட்டா, அக்கா? அது வேற, இது...”

“என்னலே வேற? தாலியறுத்துட்டு நான் நம்ம வாசல்ல வந்து நின்னேனே, அன்னைக்கு நம்மய்யா என் கையை விரிச்சுப் பாத்துட்டா உள்ள கூப்பிட்டாரு?”

மாடசாமி நிமிர்ந்தான். பிள்ளையைக் கேட்டு இரண்டு கையையும் நீட்டினான்.